ஃபைபரா, ஏர்ஃபைபரா? செட்டிநாட்டு வீட்டுக்குப் பழுது பார்க்க யார் வருவார்?

காரைக்குடிப் பக்கத்தில் இணைய இணைப்பு எடுக்கப் போகிறவர்கள் வழக்கமாக இரண்டே கேள்விகள் கேட்கிறார்கள்: வேகம் எவ்வளவு, மாதம் எவ்வளவு. இரண்டுக்கும் விளம்பரத் தாளிலேயே விடை இருக்கிறது. கம்பி வழியே வரும் ஃபைபர் ஆனாலும், டவரிலிருந்து மொட்டை மாடிக்குக் கம்பியில்லாமல் வரும் ஏர்ஃபைபர் ஆனாலும், ஒரு குடும்பத்தின் தேவைக்குப் போதுமான வேகம் கிடைத்துவிடும். இரண்டும் விலகி நிற்பது பழுதாகும் நாளில்தான். அன்று எந்த வேலை தெரிந்த ஆள் வேண்டும், அவர் எந்த ஊரிலிருந்து வர வேண்டும், அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்ற கணக்கில்தான் இங்கே இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

கணக்கு தொடங்கிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஐப்பசி மழையில், பள்ளத்தூரில் என் பெரியம்மா வீட்டு ஃபைபர் இணைப்பு போயிற்று. குழாய் பதிக்கத் தோண்டிய ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டிருந்தது. எட்டாம் நாள் ஒரு பையன் வந்து நின்றான். "கட்டான இடம் தெரியுது ஆச்சி. ஒட்டுற மெஷின் ஒண்ணுதான் இருக்கு, அது இப்ப தேவகோட்டையில நிக்குது" என்றான். "மெஷின் வர்றப்ப வரட்டும் தம்பி, நீ மொதல்ல மோரைக் குடி" என்றார் பெரியம்மா. பதினோராம் நாள்தான் இணைப்பு மீண்டது. கேபிளுக்குத் தட்டுப்பாடு இல்லை. நான்கைந்து ஊர்களுக்கு அந்த ஒரே பையன், அந்த ஒரே இயந்திரம்.

ஃபைபரின் வேலை தெருவில் நடக்கும் வேலை. நிலையத்தில் உள்ள ஓஎல்டி என்னும் கருவியிலிருந்து கிளம்பும் ஒற்றைக் கண்ணாடி இழை, வழியில் பிரிப்பான்களில் 32 அல்லது 64 வீடுகளுக்குக் கிளை பிரிகிறது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வரை எட்டுகிறது. இடையில் எங்கும் அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. அறுந்தால் மட்டும் கை வேண்டும். 125 மைக்ரான் பருமனுள்ள இழையின் மேலுறையை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, முனையைச் செங்குத்தாக வெட்டி, இரு முனைகளையும் மின்பொறியில் உருக்கி ஒட்ட வேண்டும். நன்றாக ஒட்டிய இடத்தில் ஒளி இழப்பு 0.1 டெசிபெல்லுக்கும் குறைவாக இருக்கும். முனையில் தூசி ஒட்டியிருந்தாலோ வெட்டு கோணலாகியிருந்தாலோ ஒட்டியும் பயனில்லை. பொறுமையும் நடுங்காத விரலும் உள்ள எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய தொழில் இது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் அருகிலேயே ஆள் வேண்டும், ஏனென்றால் பழுதும் ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாகத்தான் வருகிறது.

செட்டிநாட்டில் அந்த ஆட்கள் பெரும்பாலும் பழைய கேபிள் டிவிக்காரர்கள். எந்த வீட்டின் முன்வாசல் எந்தத் தெருவில், பின்வாசல் எந்தத் தெருவில், சாவி எந்தப் பங்காளியிடம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் உள்ள ஊர்களில் இது சின்ன அறிவு அல்ல. இதே அறிவு முன்பு பிஎஸ்என்எல் லைன்மேன்களிடமும் இருந்தது. 2019 இறுதியில் அறிவிக்கப்பட்ட விருப்ப ஓய்வுத் திட்டத்தில் அந்த நிறுவனத்தின் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஊழியர்களில் 78,000 பேருக்கு மேல், 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியேறினார்கள். சம்பளச் சுமை குறைந்தது. ஆனால் எந்தப் புளியமரத்தடியில் எந்த இணைப்புக் குழி இருக்கிறது என்பது எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. 04565 என்று தொடங்கும் காரைக்குடித் தொலைபேசி எண்களைப் பராமரித்த தலைமுறை அந்த அறிவைத் தன்னோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

ஏர்ஃபைபர் இதற்கு நேர் எதிரான கணக்கு. 2022 அக்டோபர் 1 அன்று நாட்டில் 5ஜி தொடங்கியது. மறு ஆண்டே ஏர்டெல்லும் ஜியோவும் அதே டவர்களைக் கொண்டு வீட்டு இணைப்புத் தரத் தொடங்கின. ஒரு டவர் சரியாக இருந்தால் சுற்றியுள்ள வீடுகள் அத்தனையும் சரியாக இருக்கும். தெருவில் தோண்டவோ கம்பத்தில் இழுக்கவோ வேண்டியதில்லை. ஆள் பற்றாக்குறைக்கு நிறுவனங்கள் கண்ட மருந்து என்றே இதைச் சொல்லலாம். வீட்டில் கருவியை மாட்டும் வேலையும் ஒரே வருகையில் முடியும் என்பார்கள்.

செட்டிநாட்டு வீட்டில் அந்த ஒரே வருகை அவ்வளவு எளிதாக முடிவதில்லை. 5ஜியின் முதன்மை அலைவரிசை 3.3 கிகாஹெர்ட்ஸ் ஒட்டியது. அதிர்வெண் ஏற ஏறச் சுவரைத் துளைக்கும் திறன் குறையும். நம் வீடுகளின் தடித்த செங்கற்சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் வெயிலைத் தடுப்பதற்காக எழுப்பப்பட்டவை. அலையையும் அதே கண்டிப்போடு தடுக்கின்றன. முகப்பில் முழுதாகத் தெரியும் சிக்னல், நடுமுற்றப் பகுதியான வளவைத் தாண்டுவதற்குள் தேய்ந்துவிடுகிறது. ஆகவே ஏற்பியை வெளியே, டவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், உயரத்தில் பொருத்த வேண்டும். மெத்தை, அதாவது மாடி, உள்ள வீட்டில் கவலையில்லை. நாட்டு ஓடு வேய்ந்த கூரை என்றால், ஏறத் தெரியாதவர் ஏறினால் இருபது ஓடு உடையும், அடுத்த மழையில் பட்டாலை ஒழுகும். இன்று அந்த ஓட்டை மாற்றும் கொத்தனார் ஃபைபர் ஒட்டுபவரைவிட அரிதானவர் என்பது வேறு கதை. 700 மெகாஹெர்ட்ஸ் அலை சுவரை நன்றாகவே துளைக்கும். ஆனால் அங்கே கிடைக்கும் அலைக்கற்றை ஒடுக்கமானது, வீட்டு இணைப்பின் சுமையைத் தாங்காது. எந்த இணைப்பு எடுத்தாலும் முகப்பிலிருந்து அடுப்படி வரை வைஃபை எட்ட வழியில் இரண்டு மூன்று துணைக்கருவிகள் வேண்டும் என்பதால், அந்தச் செலவை இருபுறமும் சமமாகவே போட்டுக்கொள்ளலாம்.

வீட்டைவிடச் சிக்கல் டவரில்தான். இருபது ஆண்டுகளுக்கு முன்பு அலைபேசி நிலையத்தின் மின்னணுப் பெட்டிகள் பெரும்பாலும் டவரின் அடியில் ஓர் அறைக்குள் இருந்தன. தடித்த கேபிள் மட்டுமே மேலே ஏறியது. பிறகு வந்த தொழில்நுட்பத்தில் ரேடியோக் கருவி ஆன்டெனாவுக்கு அருகிலேயே போயிற்று. 5ஜியில் பல இடங்களில் இரண்டும் ஒரே பெட்டியாகிவிட்டன. சிக்னல் இழப்பு குறைந்தது, அந்த இழப்பில் வீணான மின்சாரம் மிச்சமானது. ஆனால் கீழே நின்றே பார்த்துவந்த பழுதுக்கெல்லாம் இப்போது மேலே ஏற வேண்டியிருக்கிறது. புதுத் தொழில்நுட்பம் வந்தால் ஆள் தேவை குறையும் என்று பொதுவாகச் சொல்பவர்கள் இந்த ஒரு மாற்றத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நாற்பது மீட்டர் உயரத்தில் இடுப்புவாரைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு வேலை செய்வது எல்லோராலும் முடிவதில்லை, முடிகிறவர்களும் நெடுங்காலம் செய்வதில்லை. அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டில் மட்டும் 13 டவர் தொழிலாளர்கள் இறந்ததாக அங்குள்ள தொழிலிடப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டது. அதைத் தொடர்ந்து கண்டிப்புகள் கூடின. கூலியோடு தொழில் கற்பிக்கும் பதிவு பெற்ற பயிற்சித் திட்டத்தை அங்குள்ள கம்பியில்லாத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கம் நடத்திவருகிறது. இந்தியாவில் 2025 தொடக்கத்துக்குள், இரண்டரை ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில், நான்கரை லட்சத்துக்கு மேற்பட்ட 5ஜி நிலையங்கள் நிறுவப்பட்டன. இந்த வேலை ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழ் துணை ஒப்பந்தக்காரர் என்று இறங்கி, வேலைக்கு இவ்வளவு என்ற கூலியில் நடக்கிறது. நிறுவும் வேகம் ஓய்ந்ததும் குழு கலைந்துவிடும். காரைக்குடிக்கு அருகில் ஒரு டவரில் கோளாறு என்றால், ஏறுபவர் பெரும்பாலும் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வர வேண்டியிருக்கிறது. தொழில் கைவந்த நம் பக்கத்துப் பையன் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போவதைக் குறை சொல்ல முடியாது. கொண்டுவிற்கப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன ஊர்களில் அதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஆளின் இடத்தைக் கருவியால் நிரப்பும் முயற்சி இருபுறமும் நடக்கிறது. டவரில் ஆன்டெனாவின் சாய்வை அலுவலகத்திலிருந்தே மோட்டாரால் மாற்ற முடிகிறது. முன்பு அதற்கென்றே ஒருவர் ஏறுவார். 2021இல் ட்ரோன் விதிகள் தளர்ந்த பிறகு, டவரைச் சுற்றிப் பறந்து படமெடுத்துத் துருவையும் தளர்ச்சியையும் கண்டுபிடிக்க முடிகிறது. எந்தக் கருவி எப்போது சோர்ந்துபோகும் என்று மென்பொருள் முன்கூட்டியே ஊகிக்கிறது. இவையெல்லாம் வீண் ஏற்றங்களைக் குறைக்கின்றன, அது பெரிய நன்மை. ஆயினும் ட்ரோன் போல்ட்டைப் பார்க்கும், முடுக்காது. ஃபைபர் பக்கத்தில் பயன் இன்னும் கையருகே இருக்கிறது: முனைகள் ஆலையிலேயே பொருத்தப்பட்டு வரும் கேபிளை, ஒட்டும் வேலையே இல்லாமல், புதிதாக வந்த பையன்கூட வீட்டில் மாட்டிவிடலாம், ஓடிடிஆர் கருவி, ஒளி திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு, அறுந்த இடத்தை மீட்டர் கணக்கில் காட்டிவிடும். ஒட்டும் இயந்திரமே முன்போல யானை விலை இல்லை. லட்ச ரூபாய்க்குள் கிடைக்கும் ரகங்கள் உண்டு. ஆகக் கருவிகள் வளர வளர, ஃபைபர் வேலை உள்ளூர்க்காரர் கைக்கு இறங்கி வருகிறது. டவர் வேலை எண்ணிக்கையில் குறைந்தாலும், மிஞ்சுவது முழுக்கத் தேர்ந்தவர்களுக்கு மட்டுமான வேலையாகிறது.

மின்சாரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டவருக்கு மின்கலமும் ஜெனரேட்டரும் வேண்டும், டீசல் ஊற்ற ஆள் வேண்டும். ஈய மின்கலங்களுக்குப் பதிலாக லித்தியம் வருவதால் அந்தப் பராமரிப்பு குறைகிறது. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் மின்கல ஆராய்ச்சி நெடுங்காலமாக நடந்துவந்தும், ஊர்க்காரர்களான நாம் அதைப் பேருந்து நிறுத்தத்தின் பெயராகவே பெரிதும் அறிவோம்.

இதுவரை இரண்டையும் எதிரெதிராக நிறுத்தினேன். உண்மையில் டவருக்குத் தரவு வந்து சேர்வதும் பல இடங்களில் ஃபைபர் வழியாகத்தான். இல்லாத இடத்தில் டவருக்கு டவர் மைக்ரோவேவ் அலை. பள்ளத்தூரில் கேபிள் அறுந்த அன்றே, எங்கள் அலைபேசியில் கோடுகள் நிறைந்திருந்தும் இணையம் நகரவில்லை. டவர் நிமிர்ந்தே நின்றது, அதன் வேர் அறுந்திருந்தது. ஏர்ஃபைபர் எடுத்தால் ஃபைபர்காரரின் தயவு தேவையில்லை என்று நினைப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

செயற்கைக்கோள் இணைப்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கொண்ட ஸ்டார்லிங்குக்கு 2025இல் இந்திய உரிமம் கிடைத்தது. திறந்த வானமும் மின்சாரமும் இருந்தால் போதும், ஊரில் ஆளே வேண்டாம். தோப்பு வீட்டுக்கும் பேரிடர்க் காலத்துக்கும் அது பொருந்தும். தெருவுக்கு நூறு வீடு நெருங்கி நிற்கும் ஊருக்கு அது விடையாகாது.

அரசுகளும் இதே தராசில்தான் தடுமாறுகின்றன. அமெரிக்கா 2021இல் ஒதுக்கிய 4,245 கோடி டாலர் ஊரக இணையத் திட்டத்தில் ஃபைபருக்கு முன்னுரிமை இருந்தது. 2025 ஜூனில் அந்த முன்னுரிமையை நீக்கி, கம்பியில்லா வழிகளுக்கும் செயற்கைக்கோளுக்கும் சம இடம் தந்தார்கள். இந்தியா 2023 ஆகஸ்ட்டில், ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுசெல்லும் பாரத்நெட்டின் திருத்திய திட்டத்துக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கி, ஃபைபரிலேயே நிற்கிறது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி மாநில அரசு நிறுவனமான டான்ஃபிநெட்டிடம் இருக்கிறது. வீட்டு இணைப்பையும் பராமரிப்பையும் உள்ளூர்த் தொழில்முனைவோரிடம் வருவாய்ப் பங்கில் விடும் ஏற்பாடு பாரத்நெட்டில் உண்டு என்பதே என் கண்ணுக்கு அத்திட்டத்தின் சிறந்த பகுதி. கேபிள் பதிக்கும் ஒப்பந்தக்காரர் பதித்த அன்றே ஊரை விட்டுப் போய்விடுவார். பங்கு உள்ளவர் போகமாட்டார்.

ஆகவே என் தேர்வு இடத்துக்கு இடம் மாறுகிறது. காரைக்குடி, தேவகோட்டை நகருக்குள் ஃபைபர்தான். ஒட்டுபவர் அரை மணியில் வரும் தொலைவில் இருக்கிறார். கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் விடுதியாக மாறிய பெரிய வீடுகளுக்கு ஃபைபரும் வேண்டும், துணைக்கு வேறொரு நிறுவனத்தின் ஏர்ஃபைபரும் வேண்டும். ஆனால் அந்த டவருக்கு வரும் கேபிளும் அதே சாலையோரம்தானா என்று முதலில் விசாரிக்க வேண்டும். ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு, கேமரா நான்கைப் பார்த்துக்கொள்ள, ஒரு 4ஜி சிம் ரூட்டரே போதும். ஏர்ஃபைபரை நான் முதல் தேர்வாகச் சொல்வது, கேபிள்காரர் தொழிலை விட்டுவிட்ட, டவர் மட்டும் நிற்கும் ஊர்களுக்குத்தான்.

இன்னொன்றும் செய்யலாம். குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குப் புள்ளிவரி கொடுத்துப் பழகிய ஊர்கள் நான்கு சேர்ந்தால், பொதுவில் ஓர் ஒட்டும் இயந்திரம் வாங்கி, ஐடிஐயோ பாலிடெக்னிக்கோ முடித்த உள்ளூர்ப் பிள்ளைகள் இருவருக்குப் பயிற்சி கொடுக்கலாம். தேவகோட்டையிலிருந்து இயந்திரம் வரும் வரை காத்திருக்கும் பதினொரு நாளில், ஒரு விடுதி இழக்கும் முன்பதிவுகளே அதன் விலையில் ஒரு பகுதியைக் கட்டிவிடும்.

பெரியம்மா வீட்டில் தை மாதம் இணைப்பை மாற்றினோம். மீண்டும் ஃபைபர்தான், ஆனால் உள்ளூர்க் கேபிள்காரர் மூலமாக. மாதம் ஐம்பது ரூபாய் கூடுதல். பணம் கட்டும் முன் பெரியம்மா அவரிடம் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மெஷின் எந்த ஊர்ல இருக்கு?" என்று மட்டும் கேட்டார். கோட்டையூரில், அவர் வீட்டிலேயே இருக்கிறதாம்.