சுங்கை சிப்புட்டில் மோட்டார் சைக்கிளுக்கு ‘சார்ஜ் ஏறலை’ என்று கடைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

கடைக்காரர் வோல்ட் மீட்டரை எடுக்காமல் வாயால் சொல்லும் எதற்கும் காசு கொடுக்காதீர்கள். 510 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்துவிட்டு எழுதுகிறேன்.

என் மோட்டார் 200 சிசி. ஈப்போவில் இரவு வேலை. ஒரு விடியற்காலை திரும்பும்போது, தோட்டத்து மண்ரோட்டில், செம்பனைக்கு நடுவே முன்விளக்கு மங்கி அப்படியே அணைந்தது. இஞ்சினும் நின்றது. லயம் (தோட்டத்து வீட்டு வரிசை) வரைக்கும் தள்ளினேன். தோட்டத்து நாய் ஒன்று குரைத்துக்கொண்டே கூட வந்தது.

டவுனில் நம்ம ஆள் கடைதானே என்று போனேன். (பெயர் போட மாட்டேன், கேட்காதீர்கள்.) ஹார்னை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, "பேட்டரி செத்துப்போச்சு தம்பி" என்றார். 170 வெள்ளி. நாலே நாள்தான் தாங்கியது.

இரண்டாவது தடவை இஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். வண்டி நின்றது. "பாத்தியா, உள்ள கரண்டு உண்டாக்குற காயில் வெந்துபோச்சு." காயில் 280, கூலி 60. பழைய காயிலைக் கேட்டால், "இரும்புக்காரன் இப்பத்தான் அள்ளிட்டுப் போனான்." பில்லில் ‘மோட்டார் ரிப்பேர்’ என்று இரண்டே வார்த்தை. ஆறாம் நாள் ஸ்டார்ட்டரை அமுக்கினால் டிக் டிக் சத்தம்.

பக்கத்து வீட்டு மாமா செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக (மின்சாரப் பொறுப்பாளராக) இருந்து ஓய்வு பெற்றவர். ஒயரைப் பிடுங்கியதைக் கேட்டதும்தான் அவருக்குக் கோபம் வந்தது. "ஓடுற வண்டியில பேட்டரியைக் கழட்டினா வோல்டேஜ் எகிறும்டா. சார்ஜை அளவா வைக்கிற ரெகுலேட்டரும் போகும், இஞ்சினோட கம்ப்யூட்டர் இசியுவும் போகும்."

பேட்டரியை ராத்திரி முழுக்கத் தன் சார்ஜரில் போட்டார். காலையில் 12.7 வோல்ட். பேட்டரி நல்ல பேட்டரி. இஞ்சினை ஓடவிட்டு நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு முறுக்கச் சொன்னார். மீட்டர் 14-ஐத் தாண்ட வேண்டும். என்னுடையது 12.5-க்கு இறங்கியது. பேட்டரிக்கு வரும் கரண்டைவிடச் செலவு அதிகம். நம் நாட்டில் 1992-லிருந்து மோட்டாருக்குப் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும், அது வேறு உறிஞ்சுகிறது.

பிறகு காயிலிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் மூன்று மஞ்சள் ஒயரின் சாக்கெட்டைத் தேடினார். பிரிக்க வரவில்லை. ஸ்க்ரூட்ரைவரால் நெம்பியதும் ‘படக்’கென்று வந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக், கருகின அப்பளம் மாதிரி பழுப்பேறி உப்பியிருந்தது. ஒரு பின் பச்சைக் களிம்பு பிடித்துப் பாதி உருகிவிட்டது. காயில் பக்கத்து ஒயர்களை இரண்டிரண்டாக, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்தார். மூன்று ஜோடியும் 60-க்கு மேல், கிட்டத்தட்ட ஒரே அளவு. வண்டி பாடிக்குக் கரண்டு கசிவும் இல்லை. காயிலில் ஒரு குறையும் கிடையாது.

"புதுக் காயில் மாமா, அதான்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் இடதுபக்க இஞ்சின் மூடியைக் காட்டினார். அதைக் கழற்றாமல் காயிலைத் தொடவே முடியாது. ஆனால் மூடியின் எல்லா போல்ட் குழியிலும் தோட்டத்துச் செம்மண் இறுகிக் கிடந்தது. ஸ்பேனர் உள்ளே போகவே இடமில்லை.

கருகியதை வெட்டி, 4 வெள்ளிக்குப் புது சாக்கெட் போட்டார். மீட்டரில் 14.2.

கடைக்குத் திரும்பிப் போனேன். "அதான் இப்ப ஓடுதே, என்ன பிரச்சினை?" என்றார். போல்ட்டைக் காட்டினேன். கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டிப் புகார் கொடுத்திருக்கிறேன். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. அந்த இரண்டு வார்த்தை பில்லையும் இணைத்திருக்கிறேன். விசாரணைத் தேதி வரவில்லை. அதுவரைக்கும் மோட்டாரைக் கழுவப் போவதில்லை. மழை வந்தால் இடதுபக்கத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் கட்டிவிடுகிறேன்.