டேட்டன் 1925, டோவர் 2005: இரண்டு பரிணாம வழக்குகள்

இரண்டுமே அமெரிக்கப் பள்ளிகளில் தொடங்கியவை. எதை முதலில் படிப்பது என்பதுதான் கேள்வி. டென்னசி மாநிலம் டேட்டனில், சட்டத்தை மீறிப் பரிணாமம் கற்பித்ததாக ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம். மேல்முறையீட்டில் அது ரத்தானது, நடைமுறைப் பிழைக்காக மட்டும். தடைச் சட்டம் 1967 வரை நீடித்தது.

பென்சில்வேனியாவின் டோவரில் நிலைமை தலைகீழ். உயிர்களை ஓர் அறிவுள்ள சக்தியே வடிவமைத்தது என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற கருத்தைப் பள்ளி வாரியம் பாடத்தில் நுழைக்க, பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அது அறிவியலே அல்ல என்று தீர்ப்பளித்தார் நீதிபதி ஜான் ஜோன்ஸ்.

பெரிய வேறுபாடு சாட்சிக் கூண்டில்தான். டேட்டனில் அறிவியலாளர்களை ஜூரி முன் பேசவே விடவில்லை. டோவரிலோ அவர்கள் நாள்கணக்கில் பேசினார்கள். பரிணாமத்தின் பக்கம் முதல் சாட்சியான உயிரியலாளர் கென்னத் மில்லர் கத்தோலிக்கர், கடவுளை நம்புகிறவர். அதனாலேயே டோவரை முதலில் படிக்கச் சொல்வேன்.