மடியில் வைத்து வாசிக்க: இருமொழிப் புத்தகமா, தமிழ் மட்டுமா?

மகளுக்கு இந்த ஆனியோடு நாலு வயது முடிகிறது. ஒன்றரை வயதிலிருந்து இதுவரை வீட்டுக்கு வந்த படப் புத்தகங்களைப் போன ஞாயிற்றுக்கிழமை கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்டு எண்ணினேன். 63 இருந்தன. அவளாகத் தேடி எடுத்துவந்து "இத வாசிப்பா" என்று மடியில் போடுவது அதில் 11தான். அந்தப் பதினொன்றில் எட்டு, தமிழ் மட்டும் உள்ள மெல்லிய புத்தகங்கள். நான் அதிகம் காசு போட்டதோ ஆங்கிலத்துக்கும் இருமொழிப் புத்தகங்களுக்கும். அதனால் இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆங்கிலத்தில் வரும் கெட்டி அட்டைப் புத்தகங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கடித்தாலும் கிழியாது, ரசம் சிந்தினாலும் துடைத்துக்கொள்ளலாம். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். தமிழில் இந்த வகை மிகக் குறைவு என்பதால் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். படத்தைக் காட்டி நாமே பேசிக்கொள்ளும் வரை அதனால் தொல்லை இல்லை. கதையை அப்படியே தமிழாக்கிச் சொல்லப் போனால்தான் மாட்டிக்கொள்வோம். ஆங்கிலக் குழந்தைப் பாட்டு வரியின் கடைசியில் ஒலி ஒத்து முடியும். நம் காது எதுகையையும் மோனையையும் வரியின் தொடக்கத்தில் தேடும். போகிற போக்கில் மொழிபெயர்த்தால் இரண்டும் கிடைக்காது. "தவளை மரக்கட்டை மேல உக்காந்திருக்கு" என்று வெறும் தகவல் மிஞ்சும். சரி, உக்காந்திருக்கு, அப்புறம் என்ன என்று குழந்தை நம் முகத்தைப் பார்க்கும்.

அடுத்தது இருமொழிப் புத்தகம். ஒரே பக்கத்தில் மேலே ஆங்கிலம், கீழே தமிழ். சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் இப்படி நிறையப் போட்டிருக்கிறது. தமிழ் மட்டும் உள்ளதாகவும் போடுகிறார்கள். ஓவியத்தில் குறை சொல்ல முடியாது. ஒரே செலவில் இரண்டு மொழி என்று கணக்குப் போட்டுத்தான் நானும் வாங்கினேன். அந்தக் கணக்கு எங்கே தப்பியது என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது.

முதல் குறை புத்தகத்தில் இல்லை, என் கண்ணில். வேலை முடிந்து வந்து, ராத்திரி ஒன்பதரைக்குத் தூக்கம் சொக்கும்போது இரண்டு வரி கண்ணெதிரே இருந்தால், கண் சுலபமான வரிக்குப் போய்விடுகிறது. என் படிப்பு, வேலை எல்லாம் ஆங்கிலத்தில். அதனால் ஆங்கில வரியைப் பார்த்துவிட்டு, அதை என் பேச்சுத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அச்சில் இருந்த தமிழ் வரியை யாருமே வாசிக்கவில்லை. ஒருநாள் அவளே விரல் வைத்துக் கேட்டாள்: "அப்பா, கீழ இருக்கிறத ஏன் வாசிக்க மாட்டேங்குற?"

வாசித்துப் பார்த்தேன். "குரங்கு மிகுந்த மகிழ்ச்சியுடன் மரத்திலிருந்து மரத்திற்குத் தாவிக்கொண்டிருந்தது" என்கிற மாதிரி ஒரு வரி. தப்பே இல்லாத தமிழ். ஆனால் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அதை வாய்விட்டுச் சொன்னால் வானொலிச் செய்தி மாதிரி இருக்கிறது. குரங்கு தாவி முடிப்பதற்குள் குழந்தை பக்கத்தைத் திருப்பிவிடுகிறது.

படப் புத்தகம் வாங்கும்போது நான் இப்போது பார்ப்பது இது ஒன்றைத்தான். அச்சில் இருக்கும் வரியை, ஒரு சொல்லும் மாற்றாமல், வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா? விலை, தாள், ஓவியம் எல்லாம் அதற்கு அப்புறம்.

மாற்றிச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். நானும் ரொம்ப நாள் மாற்றித்தான் சொன்னேன். இரண்டு சிக்கல் வந்தது. ஒன்று, மூன்று வயதுக் குழந்தைக்குக் கதை என்பது அதே சொற்கள், அதே வரிசை. நேற்று "ஓடிப் போச்சு" என்று சொல்லிவிட்டு இன்று "ஓடிருச்சு" என்றால், "அப்படி இல்ல" என்று முதல் பக்கத்துக்கே திருப்பிவிடுவாள். நான் ஒவ்வொரு ராத்திரியும் புதிதாக மொழிபெயர்த்தால் வரி நிலைக்காது. இரண்டாவது சிக்கல், எழுத்துகள் அடையாளம் தெரியத் தொடங்கும்போது. "ஓ" எங்கே என்று காட்டுகிற வயதில், காதில் விழுவது "ஓடிருச்சு", தாளில் இருப்பது "ஓடிவிட்டது" என்றால் குழந்தையின் விரல் எங்கே போகும்? வேறு பல மொழிகளில் பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தூரம் இல்லை என்பார்கள். நமக்கு இருக்கிறது. அதைப் படப் புத்தகத்தில்தான் முதலில் சந்திக்கிறோம்.

அதற்காகப் பேச்சு வழக்கிலேயே அச்சிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மதுரைப் பேச்சில் அச்சிட்டால் கோயம்புத்தூரில் இடறும். எழுத்துத் தமிழே குட்டி வினையோடு வந்தால் வாயில் அழகாக உட்கார்கிறது. "யானை வந்தது. எறும்பு பார்த்தது." இதில் எங்கே இடறல்? "பெரிய யானை. சின்ன எறும்பு." இதில் வினையே இல்லை, தமிழுக்கு அது தேவையும் இல்லை. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை வெள்ளைப் பசுவைப் பாடும்போது 'மேய்கிறது' என்று எழுதவில்லை, 'மேயுது' என்றார். கன்றுக்குட்டியும் 'துள்ளிக் குதிக்குது' தான். மரபுக் கவிதை எழுதியவருக்கே அந்த இடத்தில் பேச்சு வினை தேவைப்பட்டிருக்கிறது. அந்தப் பாட்டை இன்றைக்கும் நாம் மாற்றாமல் சொல்கிறோம்.

தமிழ் மட்டும் உள்ள புத்தகம் என்றால் எல்லாமே இந்தச் சோதனையில் தேறிவிடும் என்று இல்லை. நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா, பிரதம் புக்ஸ் எல்லாரும் ஒரே கதையைப் பல மொழிகளில் போடுகிறவர்கள். அதனால் தமிழ்ப் பிரதி பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. நல்ல கை பட்டதா என்று தெரிந்துகொள்ள இரண்டு அடையாளம் வைத்திருக்கிறேன். முதலில் ஓசைச் சொல். தண்ணீரில் தவளை குதிக்கும் பக்கத்தில் "ஸ்ப்ளாஷ்!" என்று இருந்தால் புத்தகத்தை மூடிவிடுவேன். "தொபுக்கடீர்" என்று இருந்தால் அடுத்த பக்கம் பார்ப்பேன். குடுகுடு, மொறுமொறு, சலசல, பொத்தென்று என ஓசைக்கு நம்மிடம் இவ்வளவு இருக்கும்போது மொழிபெயர்ப்பாளர் கை வைக்கவில்லை என்றால், மற்ற வரிகளிலும் வைத்திருக்க மாட்டார். இரண்டாவது, விலங்கை அவன், அவள், அது என்று எப்படிச் சொல்கிறார்கள் என்பது. முயல் ஒரு பக்கத்தில் "அவன்", மறுபக்கத்தில் "அது" என்று மாறினால், ஆங்கில மூலம் அடியில் கிடந்து இழுக்கிறது என்று பொருள். என் மகள் இதையும் பிடித்தாள். "முயலு யாருப்பா, பையனா?"

இருமொழிப் புத்தகத்தில் இருக்கும் தமிழ் மோசம் என்று முடிவுகட்ட மாட்டேன். அந்தக் குரங்கு வரியைவிட நல்ல வரிகள் அவற்றிலும் உண்டு, என் பதினொன்றில் ஒன்று இருமொழிதான். ஆனால் ஆங்கிலம் பக்கத்திலேயே இருக்கிற வரைக்கும் தமிழ் வரிக்குப் பொறுப்பு குறைந்துவிடுகிறது, வாசிக்கிற எனக்கும். தனியாக நிற்கும் வரி சரியில்லை என்றால் முதல் ராத்திரியே தெரிந்துவிடும்.

இன்னொரு ஆதாயம் நான் எதிர்பார்க்காதது. என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இருமொழிப் புத்தகங்களை அவர் தொட்டதே இல்லை, "அது ஒங்க புஸ்தகம்ப்பா" என்பார். தமிழ்ப் புத்தகம் என்றால் கண்ணாடியைத் தேடுகிறார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அவர் ஒரு வரி முடிப்பதற்குள் பேத்தி சொல்லி முடித்துவிடுகிறாள். "அப்பத்தா, தொபுக்கடீர் அடுத்த பக்கத்துல." இதனால் சாயங்காலம் ஆறு மணிக்கும் ஒரு வாசிப்பு நடக்கிறது, நான் இல்லாமலே.

இலவச வழியும் இருக்கிறது. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக் கதைகள் ஏராளம். நாலு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலை 250 சொற்களுக்குள். இரண்டு வயதுக்கு அதுவே அதிகம், பக்கத்துக்கு ஒரு வரி உள்ளதாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். போனில் காட்டுவது எங்கள் வீட்டில் எடுபடவில்லை. அவள் தள்ளத் தெரிந்துகொண்டு பத்து நொடியில் கதையை முடித்தாள். நடுவில் கேஸ் சிலிண்டர்க்காரர் அழைப்பு வேறு. ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டால், கடையில் விற்கும் மெல்லிய புத்தகத்தைவிட அதிகம் செலவாகிறது.

ஆனாலும் ஒரு காரணத்துக்காக இந்த வழியை விட மாட்டேன். அங்குள்ள கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. மூலத்தைக் குறிப்பிட்டு நாம் மாற்றலாம், மொழிபெயர்க்கலாம். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம் என்பதால் சில வரிகள் பல்லில் மாட்டும். அப்படி ஒரு கதையில் ஏழு வரிகளை நானே சுருக்கி எழுதி, வெள்ளைத் துண்டுத் தாளில் கொட்டை எழுத்தில் பக்கத்தின் மேல் ஒட்டினேன். ஒரு துண்டைப் பிய்த்து, அடியில் என்ன ஒளித்துவைத்திருக்கிறேன் என்று பார்த்துவிட்டாள். மற்ற ஆறும் பத்திரம்.

சென்னையின் தாரா பதிப்பகம் கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்து, கையால் தைத்துப் போடும் புத்தகங்களைப் பற்றிக் கேட்பார்கள். கோண்டு பழங்குடி ஓவியர்களின் மரங்களைக் கறுப்புத் தாளில் பார்த்தால் கண் எடுக்க முடியாது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும். அதை அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன், அவளுக்கு என்று சொல்லி எனக்கு வாங்கியது. சொற்களே இல்லாத படப் புத்தகம் எங்களிடம் ஒன்றே ஒன்று. அவளுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மனமில்லை.

இருமொழிப் புத்தகத்துக்கு ஆதரவாக ஒரு குரல் டொராண்டோவிலிருந்து வந்தது. அங்கே இருக்கும் என் அக்காவின் பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. அத்தானுக்கும் தமிழ் எழுத்து தகராறு. "மேல இங்கிலீஷ் இல்லேன்னா இந்த வீட்டுல யாருமே தொட மாட்டாங்கடா" என்றாள். அது நியாயம்தான். வெளியூரில் தமிழ் வளர்க்கும் வீட்டின் கதை வேறு, நான் அங்கே வாழ்ந்ததில்லை. மதுரையில் அப்பத்தா இருக்கும் வீட்டுக்குத்தான் என் பரிந்துரை.

வாங்குவதற்கு முன் வாசித்துப் பார்க்க இங்கே வசதி உண்டு. நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூலகம். கூச்சப்படாமல் நடுப்பக்கத்தைத் திறந்து, முணுமுணுப்பாக வாய்விட்டு மூன்று பக்கம் வாசியுங்கள். நாக்கு தானாக வினையைச் சுருக்கினால் திரும்ப வைத்துவிடலாம். அடுத்த முறை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா போடும்போது, தமிழில் நாலும் படம் மட்டும் உள்ளது ஒன்றும் வாங்குவதாகத் திட்டம். ஒன்றை அவளே எடுத்துக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். போன முறை அப்படிச் சொன்னபோது ஸ்டிக்கர் புத்தகத்தோடு வந்து நின்றாள்.