கூலன்ட் மாற்றக் கொடுத்தேன், பிளாக்கில் விரிசல் விட்டுத் தந்தார்கள்

வேலூர், காட்பாடி பக்கம் பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடையின் பெயரைப் போடப் போவதில்லை, நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

அப்பா ஓட்டிய அம்பாசிடர் டீசல் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. நம்ம ஊர் கத்திரி வெயில் தெரியும்தானே, அது வருவதற்குள் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை மாற்றிவிடலாம் என்று பங்குனியிலேயே ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டேன். ரேடியேட்டரில் மட்டும் இறக்கினால் இன்ஜினின் வார்ப்பிரும்பு உடம்பான பிளாக்குக்குள் இருப்பது முழுசாக வராது, அடியில் துருச் சேறும் தங்கிவிடும், அதனால் பிளாக்கின் பக்கவாட்டில் கூலன்ட்டை வடிக்க இருக்கும் டிரெயின் போல்ட்டையும் கழற்றிச் சுத்தம் பண்ணுங்கள் என்று நான்தான் சொன்னேன். சாயங்காலம் போனபோது வேலை முடிந்திருந்தது. "பழைய போல்ட் மரை போயிடுச்சு சார், ஒரிஜினல் வாங்கிப் போட்டிருக்கோம்" என்றார் கடைக்காரர். போல்ட்டுக்கு மட்டும் 650 ரூபாய். பழசைக் கொடுங்கள் என்றேன், ஸ்கிராப்பில் போயிடுச்சு என்றார். நானும் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு ஆம்பூரில் ஒரு வளைகாப்புக்குக் கிளம்பினேன். பள்ளிகொண்டா டோல் தாண்டும்வரை ஒன்றுமில்லை. மாதனூர் நெருங்கும்போது டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்தது, அப்புறம் பானெட் ஓரத்தில் ஆவி, கூடவே கூலன்ட் சூடானால் வருமே அந்தத் தித்திப்பு வாடை. ஓரங்கட்டி உடனே அணைத்தேன். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை, சூட்டில் திறந்தால் முகமே வெந்துவிடும். அம்மா அந்த வெயிலில் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ரோட்டோரத்தில் நின்றதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. குனிந்து பார்த்தால் அந்தப் புது போல்ட்டிலிருந்து பச்சைத் தண்ணீர் ஒழுகுகிறது, அதைச் சுற்றி ஓட்டை அடைக்கும் எம்சீல் அப்பியிருக்கிறது, எம்சீலுக்கு நடுவே பிளம்பர்கள் மரையில் சுற்றும் டெஃப்ளான் டேப்பின் வெள்ளை நார் தொங்குகிறது.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து, லேத் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் விட்டேன். அவர் அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, "விரலால உருட்டிப் பாரு தம்பி" என்றார். நுனி ஒல்லியாகவும் போகப் போகத் தடிமனாகவும் இருந்தது. அது கார் போல்ட்டே இல்லை, ஹார்டுவேர் கடையில் தண்ணீர் பைப்பின் வாயை அடைக்க விற்கிற கால் இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பிளக்.

விஷயம் இதுதான். என் வண்டியில் இருந்தது நேர் மரை. அதில் மரையின் வேலை பிடித்துக்கொள்வது மட்டும்தான், ஒழுகாமல் தடுப்பது போல்ட்டின் தலைக்கும் பிளாக்கின் முகத்துக்கும் நடுவில் நசுங்கி உட்காரும் வாஷர். பைப் பிளக் சரிவு மரை, 16க்கு 1 என்ற கணக்கில் தடித்துக்கொண்டே போகும், ஆப்பு மாதிரி இறுகித்தான் அடைக்கும். பிஎஸ்பி என்கிற பிரிட்டிஷ் பைப் மரை அளவில், கால் இஞ்சில் இரண்டுக்குமே இஞ்சுக்கு 19 மரை என்பதால் முதல் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறிவிடும், சரியான போல்ட் என்றே தோன்றும். அதற்குமேல் ஸ்பேனரில் பைப்பை மாட்டி இறுக்கினால் வார்ப்பிரும்பு என்ன செய்யும், விரிசல் விட்டுவிடும். என் பிளாக்கில் அந்தத் துளையின் வாயிலிருந்து முடி கனத்துக்கு ஒரு விரிசல், சுண்டு விரல் நகம் நீளம். இன்ஜின் ஆறியிருக்கும்போது சொட்டுக்கூட வராது, சூடாகி உள்ளே அழுத்தம் ஏறினதும் கசியும். கடையில் பார்த்தபோது தரை காய்ந்திருந்ததற்குக் காரணம் இதுதான். அவர்களுக்கும் விரிசல் தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் எம்சீலை ஏன் அப்ப வேண்டும்? என்னால் மன்னிக்க முடியாதது அதைத்தான்.

டேப் மேல் எனக்குக் கோபமில்லை. சரிவு மரைக்குச் சுற்றலாம், அதுவும் நுனியில் ஒரு மரையை விட்டுவிட்டு, இல்லாவிட்டால் பிய்ந்த நார் உள்ளே போய் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் சிக்கும். வாஷரில் அடைபடுகிற போல்ட்டுக்கு டேப்பால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பெரியவர் விரிசலை நிக்கல் ராடு வைத்து, சூடு ஏறாமல் விட்டு விட்டு வெல்டிங் அடித்து, மரையைத் திருத்தி, நேர் மரைப் போல்ட் ஒன்று கடைந்து போட்டார். காப்பர் வாஷரை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தார், அப்படிச் செய்தால்தான் இளகி நன்றாகப் படியுமாம். கடைசியில் ரேடியேட்டர் வாயில் கைபம்பை மாட்டி அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பத்து நிமிஷம் பார்த்தார். எனக்கு ஆன செலவு 7,800 ரூபாய், நான்கு நாள்.

அந்தப் பிளக்கை எடுத்துக்கொண்டு பழைய கடைக்குப் போனேன். "வண்டி பழசு சார், விரிசல் முன்னாடியே இருந்திருக்கும்" என்றார். 650 ரூபாயைக்கூடத் திருப்பித் தரவில்லை.

நீங்கள் கூலன்ட் மாற்றக் கொடுத்தால் கழற்றிய போல்ட்டையும் வாஷரையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே மாற்றியிருந்தால், இன்ஜின் நன்றாக ஆறினதும் டார்ச் அடித்துப் பாருங்கள். டேப் நாரோ எம்சீலோ தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுகிறேன் என்று யார் ஸ்பேனரோடு வந்தாலும் கை வைக்க விடாதீர்கள்.