பேட்டர்ஸ் ரோடு ஹெல்மெட் கடை: ரேஸுக்கு வாங்கலாமா?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உள்ள இந்தச் சின்னக் கடையில் பைக் ஹெல்மெட்டுக்கு நடுவே கார் ரேஸ் சாமானும் கிடைக்கிறது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு வசதிதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் கலந்து அடுக்கியிருக்கிறார்கள்.

ஹெல்மெட்டின் உள் பஞ்சை விலக்கி ஸ்னெல் (ஹெல்மெட்டைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) ஸ்டிக்கரைப் பாருங்கள். ‘எம்’ என்றால் பைக்குக்கு, ‘எஸ்ஏ’ என்றால் காருக்கு. எஸ்ஏ ஹெல்மெட்டைத் தீயிலும் சோதித்திருப்பார்கள். ரேஸ் காருக்குள் இருக்கும் இரும்புச் சட்டமான ரோல் பாரில் திரும்பத் திரும்ப இடிபடுவதையும் அது தாங்கியாக வேண்டும். கடைப் பையன் “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்கிறார். இல்லவே இல்லை.

உருப்படியான சரக்கு, தோளில் மாட்டி ஹெல்மெட்டோடு இணைக்கும் கழுத்துக் காப்பான ஹான்ஸ். மோதும்போது உடம்பு பெல்ட்டில் நிற்க, தலை மட்டும் முன்னால் பாய்ந்து மண்டையோட்டின் அடி முறிவதைத் தடுப்பது இதன் வேலை. 1994இல் இமோலாவில் ரோலண்ட் ராட்சென்பெர்கர், 2001இல் டேடோனாவில் டேல் எர்ன்ஹார்ட், இந்த இரண்டு ரேஸ் ஓட்டுநர்களின் உயிரும் போனது அந்தக் காயத்தில்தான். ஃபார்முலா ஒன்னில் ஹான்ஸ் கட்டாயமானது 2003இல்! (ராட்சென்பெர்கருக்கு மறுநாள் இறந்த அயர்ட்டன் சென்னாவின் கதை வேறு, அங்கே சஸ்பென்ஷன் துண்டு ஹெல்மெட்டையே துளைத்தது.)

தோள் பெல்ட் ஹான்ஸின் மேல் முழுதாகப் படிய வேண்டும், விளிம்பில் நழுவினால் வீண். ஹான்ஸை ஹெல்மெட்டோடு கட்டும் டெதர் நாடா பிசிறடித்திருந்தால் தொடாதீர்கள். அந்த நாடாவை மாட்ட எம்6 (6 மி.மீ.) திருகுத் துளை இல்லாத ஹெல்மெட்டில் “துளை போட்டுத் தர்றோம்” என்றால் மறுத்துவிடுங்கள், ஓடு பலவீனமாகும்.

விலை பேரம் படியும். வண்டி நிறுத்தத்தான் இடமில்லை.