காது மிஷின் மோல்டு: சாஃப்டா ஹார்டா என்று கேட்பதற்கு முன்னால்

காது மிஷின் வாங்கும்போது எந்தக் கம்பெனி, எத்தனை சேனல், ப்ளூடூத் உண்டா என்று துருவித் துருவிக் கேட்கிறவர்கள், காதுக்குள் உட்காரும் அச்சுத் துண்டான மோல்டு பேச்சு வந்ததும் "சாஃப்டே போடுங்க, வலிக்காதுல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பல வருஷம் மாட்டிப் புழங்கினால் தெரிவது வேறு. அளவு பிசகின சாஃப்ட் மோல்டு நன்றாகவே வலிக்கும். அளவு சரியாக எடுத்து ஓரத்தை மழித்துப் பாலிஷ் போட்ட ஹார்டு மோல்டு காதில் இருப்பதே மறந்துபோகும். சுகமும் வலியும் முதலில் அளவெடுப்பதில் இருக்கிறது, அடுத்தது மிஷினையும் மோல்டையும் இணைக்கும் டியூபில். எந்தப் பொருளில் செய்தது என்பது அதற்கும் பிறகுதான்.

இங்கே சொல்வது காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷினுக்கு, ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் செய்யும் மோல்டைப் பற்றி. ரெடிமேடாக வரும் ரப்பர் குமிழ் லேசான காது மந்தத்துக்குச் சரி. கடுமையான மந்தத்துக்குப் போடும் பவர் மிஷினுக்கு அது தாங்காது, ஒலி கசிந்து விசில் மாதிரி கூவிக்கொண்டே இருக்கும்.

அளவு எடுக்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் விளக்கு வைத்து காதுக்குள் பார்க்க வேண்டும். பார்க்காமலேயே அச்செடுக்கும் பேஸ்ட்டை எடுக்கிறார்கள் என்றால் நாற்காலியை விட்டு எழுந்துவிடலாம். அழுக்கு அடைத்திருந்தால் அதை எடுத்த பிறகுதான் அளவு. சென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டில் ஹேர்பின், பட்ஸ் விட்டுக் குடைந்து 'சுத்தம்' செய்துகொண்டு போகாதீர்கள். அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும், தோலும் சிராய்த்துக்கொள்ளும். சீழ் வடிகிறது, செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது, காதுக்குப் பின்னால் எலும்பில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்றால் கேட்காவிட்டாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேஸ்ட் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும் ஆபத்து அந்தக் காதுகளில் அதிகம்.

அடுத்து நூல் கட்டிய பஞ்சையோ ஸ்பாஞ்சையோ காதுக்குள் வைப்பார்கள். காதுக் குழாயில் இரண்டு வளைவு உண்டு. அந்தப் பஞ்சு இரண்டாவது வளைவைத் தாண்டி உட்கார வேண்டும். சிலருக்கு இருமல் வரும், கண்ணில் தண்ணீர் வரும். அங்கே ஓடும் நரம்பினால் வருவது அது, பயப்பட ஒன்றுமில்லை. கஷ்டமாக இருக்கிறதே என்று பஞ்சை முன்னாலேயே வைத்துவிட்டால் மோல்டின் மூக்கு, அதாவது குழாய்க்குள் போகும் பகுதி, குட்டையாகிவிடும். குட்டை மூக்கு மோல்டு நழுவும், கூவும், சொந்தக் குரலையும் முழங்க வைக்கும்.

பிறகு இரண்டு டப்பா சிலிகான் பேஸ்ட்டைச் சரிபாதியாகப் பிசைந்து சிரிஞ்சில் ஏற்றி முதலில் குழாய், அடுத்து காதுக் குழி, கடைசியில் மேல் மடிப்பு என்று நிரப்புவார்கள். இறுக ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆகும். நிரப்பிய பிறகு வெளியிலிருந்து விரலால் அழுத்தித் தட்டையாக்கக் கூடாது. அழுத்தினால் காதுக் குழி உப்பின வடிவத்தில் மோல்டு வரும், வலி அங்கேயே ஆரம்பம்.

வாய் விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. காதுக் குழாயின் முன்சுவரை ஒட்டித்தான் தாடை மூட்டு இருக்கிறது. வாயைத் திறந்தால் பெரும்பாலோருக்குக் குழாய் கொஞ்சம் அகலும். வாயை மூடியே அளவெடுத்த மோல்டு, சாப்பிடும்போதும் கொட்டாவி விடும்போதும் இடைவெளி விட்டு விசில் அடிக்கிறது. பவர் மிஷின் போடுகிறவர்கள் பல்லிடுக்கில் ஒரு கட்டை வைத்து வாய் திறந்த நிலையில் அளவெடுக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. மந்தம் லேசாக இருந்தால் இது அவ்வளவு முக்கியமில்லை.

எடுத்த அச்சை வாங்கி உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இரண்டு வளைவும் தெரிய வேண்டும். காதின் மேல் மடிப்புக்குள் சொருகும் வால் முழுசாக வந்திருக்க வேண்டும். காற்றுக்குமிழ்ப் பள்ளம், மடிப்பு விழுந்த கோடு, கூராக முடிந்த நுனி இருந்தால் அங்கேயே இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் பேஸ்ட்டும் பத்து நிமிடமும்தான் செலவு. தப்பான அச்சு லேபுக்குப் போய் மோல்டாகத் திரும்பி வந்தால், அதை இழைத்து இழைத்துச் சரிசெய்வது வாரக்கணக்கில் இழுக்கும். அளவெடுப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்றும் கேட்கலாம், கூச்சப்பட வேண்டியதில்லை.

எந்தப் பொருள்

ஹார்டு என்பது அக்ரிலிக். வழவழப்பாக இருப்பதால் எளிதாக நுழையும், துடைப்பதும் எளிது, வருஷக்கணக்கில் உழைக்கும். இதன் பெரிய சௌகரியம், வலிக்கும் இடத்தை கிளினிக்கிலேயே சின்ன மோட்டாரில் இழைத்துத் தந்துவிடலாம். விரல் நடுங்கும், மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு இதுதான் தோது. சாஃப்ட் மோல்டு நுழைக்கும்போது வளைந்துகொள்ளும், அவர்கள் பாடு திண்டாட்டமாகிவிடும். குறை என்றால், தாடை அசையும்போது இது கூடவே வளைந்து கொடுக்காது. மிக அதிகக் காது மந்தத்துக்கு ஒலி கசியாத அடைப்பு (சீல்) போதாமல் போகலாம்.

சாஃப்ட் என்றால் பெரும்பாலும் சிலிகான். கடுமையான மந்தம், பவர் மிஷின், குழந்தைகள் எல்லாருக்கும் இதுதான். விளையாடும்போது காதில் அடிபட்டாலும் உடைந்து குத்தாது. ஆனால் சிலிகானில் பசை சரியாக ஒட்டாது, டியூபை ஒரு பூட்டு வைத்துத்தான் நிறுத்துவார்கள். டியூபைப் பிடித்து இழுத்து மோல்டைக் கழற்றும் பழக்கம் இருந்தால் டியூப் கையோடு வந்துவிடும். இழைக்கவும் தனிக் கருவி வேண்டும், அதனால் சின்னத் திருத்தத்துக்கும் லேபுக்கு அனுப்புகிறார்கள். அக்ரிலிக்கை விட இதில் தோல் வழுக்காது, வியர்வையில் பிசுபிசுவென்று பிடிக்கும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் மே மாதத்தில் நாள் முழுக்க மாட்டியிருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பிவிசியில் செய்த சாஃப்ட் மோல்டும் உண்டு. புதிதில் மெத்தென்று இருக்கும், போகப் போக இறுகிச் சுருங்கி மஞ்சளாகிவிடும். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் இதைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. "சாஃப்ட்" என்று சொன்னால் சிலிகானா பிவிசியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வடிவத்தில் காதுக் குழி முழுவதையும் அடைப்பது ஃபுல் ஷெல், ஓரச் சட்டம் மட்டும் இருப்பது ஸ்கெலிட்டன், குழாய்க்குள் மட்டும் உட்காருவது கேனல். பவர் கூடக் கூட ஃபுல் ஷெல் பக்கம் போக வேண்டும். நடுத்தர மந்தத்துக்கு ஸ்கெலிட்டன் காற்றோட்டமாக இருக்கும், வியர்வையும் தேங்காது.

வென்ட் என்கிற அந்தச் சின்னத் துளை

புது மோல்டு போட்டதும் வரும் முதல் புகார், "என் குரலே குடத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கு". காது அடைபட்டதால் சொந்தக் குரலின் கனமான ஒலி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே முழங்குகிறது. அதற்குத்தான் வென்ட். 1 மி.மீ. அளவுத் துளை காற்றழுத்தத்தைச் சமன் செய்யும், புழுக்கத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். முழக்கம் குறைய வேண்டுமானால் 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் வேண்டும். துளை பெரிதானால் மிஷினின் ஒலியும் அந்த வழியாக வெளியே கசிந்து மைக்குக்குப் போய் விசில் அடிக்கும். கனமான ஒலிகள் ஓரளவு நன்றாகக் கேட்டு, மெல்லிய கூர்மையான ஒலிகள் மட்டும் போய்விட்டவர்களுக்குப் பெரிய வென்ட் ஒத்துவரும். எல்லா ஒலியும் மந்தமானவர்களுக்கு அது ஒத்துவராது. சின்னதாக ஆரம்பித்து தேவைப்பட்டால் பெரிதாக்கலாம். அக்ரிலிக்கில் இது ஐந்து நிமிட வேலை.

அழுக்கு அடைத்தால் வென்ட் இருந்தும் பிரயோஜனமில்லை. மோல்டைக் கழற்றி, துளைக்குள் ஒரு துண்டு தூண்டில் நரம்பை விட்டு எடுத்தால் போதும். காசிமேட்டில் தூண்டில் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும், கிளினிக்கில் தரும் குச்சியும் அதே நைலான்தான். ஊசி, ஸ்டேப்லர் பின் வேண்டாம், துளையின் சுவரைக் கீறிவிடும்.

எங்கே வலிக்கிறது

மேல் மடிப்பில் வலித்தால், முதலில் மோல்டின் வால் மடிப்புக்குள் போயிருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். மடிப்புக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றால் வலியும் வரும், விசிலும் வரும். மோல்டைக் குறை சொல்ல வருகிறவர்களில் பலருக்குச் சிக்கல் இதுதான். ஒரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலும் பின்னும் இழுத்துக்கொள்ளுங்கள். மறு கையால் மோல்டின் மூக்கை முதலில் விட்டு, லேசாகப் பின்பக்கம் திருப்பி வாலை மடிப்புக்குள் சொருகுங்கள். பிறகு ஒரு அழுத்து.

வால் சரியாக இருந்தும் வலித்தால் டியூபைப் பாருங்கள். டியூப் சுருங்கிக் குட்டையானால் மிஷின் மோல்டை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். அதே இடத்தில்தான் வலிக்கும், ஆனால் இழைத்தால் தீராது.

காது வாசலின் முன்மேடு வலித்தால் மூக்கு தடியாக இருக்கிறது. உள்ளே ஆழத்தில், குறிப்பாக மெல்லும்போது வலித்தால் மூக்கு நீளம், இல்லை நுனி கூர். நான்கைந்து மணி நேரம் போட்டிருந்து கழற்றி, தோல் சிவந்த இடத்தை வீட்டில் இருப்பவர் போனில் படம் எடுக்கட்டும். அந்தப் படத்தை ஆடியாலஜிஸ்ட்டிடம் (கேட்கும் திறனைச் சோதித்து மிஷின் பொருத்துபவர்) காட்டினால் இழைக்க வேண்டிய இடத்தைத் தேடவே வேண்டாம். கழற்றிய சற்று நேரத்தில் மறையும் சிவப்பு பெரிதில்லை. மறையாத சிவப்பு, தோல் உரிதல், கொப்புளம் என்றால் போடுவதை நிறுத்த வேண்டும். உப்புத்தாள் வைத்து வீட்டில் தேய்ப்பது வேண்டவே வேண்டாம், தேய்த்ததை ஒட்ட முடியாது.

ஒரே இடத்தில் இல்லாமல் மோல்டு படும் இடமெல்லாம் அரித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம், பொருளை மாற்றிப் பார்க்க வேண்டும். காதுக்குள் ஆழத்தில் அரிப்பும் அடைப்பும் ஈரமும் சேர்ந்து இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். இங்கே அது சாதாரணமாக வரக்கூடியது. டாக்டரிடம் காட்டாமல் எண்ணெய் விட்டுக்கொண்டு மேலே மோல்டையும் மாட்டினால் இன்னும் முற்றும்.

எண்ணெய் குளியல் நாளில் காதுக்குள் எண்ணெய் விடும் பழக்கத்தையும் மறந்துவிடுங்கள். விட்டே ஆக வேண்டும் என்று பாட்டி அடம்பிடித்தால் அன்று முழுக்க மிஷினுக்கு லீவு. டியூபுக்குள் எண்ணெய் ஏறினால் ஒலி மங்கும். இறுக்கமான சிலிகான் மோல்டை நுழைக்க வழவழப்பு வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் ஜெல் ஒரு பொட்டு போதும்.

விசில் அடித்தால்

மிஷினை ரிப்பேருக்குக் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். மோல்டையும் டியூபையும் கழற்றிவிட்டு மிஷினை ஆன் செய்து, ஹூக்கின் (காதுமேல் வளைந்து டியூப் மாட்டும் கொக்கி) நுனியை விரலால் இறுக்கி மூடுங்கள். அப்போதும் கூவினால் கோளாறு மிஷினிலோ ஹூக்கிலோ. நின்றால், டியூபோடு மோல்டை மாட்டி, மூக்கு நுனியில் ஒலி வரும் துளையையும் வென்ட்டையும் மூடுங்கள். கூவினால் டியூபில் விரிசல், வளைவில் கீறியிருக்கும். இப்போதும் சத்தமில்லை, காதில் போட்டால் மட்டும் கூவுகிறது என்றால் மோல்டு லூஸ், அல்லது காதில் அழுக்கு. ஹெல்மெட் போட்டதும் கூவுவது இதில் சேராது. மைக்கை ஒட்டிச் சுவர் மாதிரி எதுவும் வந்து அடைத்தால் நல்ல மோல்டு போட்ட மிஷினும் கூவலாம்.

டியூபுக்குப் பெரும்பாலும் 13ஆம் எண் போடுவார்கள், உள்விட்டம் சுமார் 1.9 மி.மீ. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மஞ்சளாகி இறுகிவிடும், கடற்கரைப் பக்கம் மூன்று மாதக் கணக்கே பத்திரம். விரலால் வளைத்தால் துவளாமல் விறைத்து நின்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பவர் மிஷினுக்கு அதே எண்ணில் தடிச்சுவர் டியூப் கேளுங்கள், ஒலி கசிவது குறையும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் டியூபுக்குள் நீர்த்துளி கோத்து ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். உள்ளே காதின் சூடு, வெளியே குளிர், நடுவில் ஈரம். ஏசி ஆபீசில் வருஷம் முழுக்கவும் இது வரும். ரப்பர் பல்பு ஒன்றை வாங்கி வைத்து ஊதுங்கள். வாயால் ஊதினால் மூச்சின் ஈரமும் சேரும். இரவில் மிஷினை சிலிகா ஜெல் டப்பாவில் வையுங்கள். மோல்டை மட்டும் தனியாகக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் மிருதுவான சோப்புப் போட்டுக் கழுவலாம். ஸ்பிரிட், சானிடைசர் கூடாது. டியூபுக்குள் தண்ணீர் இருக்கும்போது மிஷினில் மாட்டக் கூடாது.

பெண்களுக்கு இன்னொன்று. மாட்டல் போட்டால் சங்கிலி மிஷினுக்கும் காதுக்கும் நடுவில் போய் மிஷினைத் தூக்கிவிடும், மோல்டு அதோடு சாயும். கல்யாண வீட்டுக்கு மாட்டல் வேண்டுமென்றால் சங்கிலியை மிஷினுக்கு மேலாக, முடிக்குள் குத்துங்கள். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியை முதலில் மாட்டிவிட்டு மிஷினைப் பிறகு மாட்ட வேண்டும்.

வாங்கும் அன்று

சிவப்புப் புள்ளி வலது, நீலம் இடது. கிளினிக்கில் அவர்களே மாட்டிவிட்டு "சரியா இருக்கா?" என்று கேட்டால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். நீங்களே மூன்று தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள். பிஸ்கட் ஒன்றை மென்று, கொட்டாவி விட்டு, சிரித்து, போனைக் காதில் வைத்து, பின்னால் திரும்பிப் பாருங்கள். வழக்கமாகப் போடும் வால்யூமில் இதில் எதற்கும் கூவக் கூடாது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு மாதிரி கடைத்தெரு நெரிசலில் நின்று வால்யூமைக் கூட்டும்போதுதான் கோளாறு தெரியும், அதனால் வெளியே தெருவில் இறங்கி ஒரு நடை நடந்துவிட்டு மறுபடி உள்ளே போனாலும் தப்பில்லை. முதல் நாள் இரண்டு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போகலாம். இலவசமாக இழைத்துத் தருவது, மறு அளவு எடுப்பது எத்தனை நாள் வரைக்கும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு மோல்டு இரண்டு மூன்று வருஷம் வரும், உடம்பு நன்றாக இளைத்தாலோ பெருத்தாலோ அதற்கு முன்பே லூசாகும். கைக்குழந்தைக்குச் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ஆறு மாதம், ஒரு வருஷம். பழைய மோல்டு பொருந்துகிற நிலையில் இருந்தால் தூக்கிப் போடாமல் புது டியூப் மாட்டி வையுங்கள். புதியது இழைக்கப் போயிருக்கும் வாரத்தில் அதுதான் கைகொடுக்கும்.