புஷ் ஸ்டேடியம்: நல்லபிள்ளை அணியின் வீடு எப்படி இருக்கிறது?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், மெட்ரோலிங்க் ரயிலில் ‘ஸ்டேடியம்’ நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே கார்டினல்ஸ் பேஸ்பால் அணியின் புஷ் ஸ்டேடியம். மூன்றாம் வாசலுக்கு முன்னால் அணியின் பழைய நட்சத்திரம் ஸ்டான் மியூசியலின் பெரிய வெண்கலச் சிலை நிற்கிறது. பேஸ்பாலின் குறையில்லாத வீரர் என்று பீடத்தில் பொறித்திருக்கிறார்கள். 22 சீசன், 3,026 ஆட்டம், ஒருமுறைகூட நடுவர் அவரை வெளியேற்றியதில்லை. 3,630 ஹிட்களில் (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸைத் தொட்ட தடவைகள்) சொந்த மைதானத்தில் 1,815, வெளியூரில் 1,815. கணக்கைப் பார்த்தால் பீடத்து வாசகம் மிகையில்லை. சிலையில்தான் கோளாறு. மட்டையைப் பிடித்ததும் மியூசியல் முதுகை வளைத்து, முழங்காலை மடித்து, சுவரோரம் மறைந்து நின்று எட்டிப் பார்க்கும் ஆள் மாதிரி தோளுக்கு மேலே பார்ப்பார். சிலையில் இருப்பவரோ அகன்ற தோளோடு விறைப்பாக நிற்கிறார். 1968இல் கார்ல் மோஸ் வடித்த இந்தச் சிலை தன்னைப் போல இல்லை என்று மியூசியலுக்கே மனக்குறை.

கார்டினல்ஸ் அணியின் வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இந்த இடத்தில் இரண்டு நிமிடம் நிற்கலாம். இந்த அணி முதலில் விற்பது தன் நல்ல பெயரை. பேஸ்பாலின் உச்சப் போட்டியான உலகத் தொடரில் 11 பட்டங்கள், சிவப்புச் சட்டைக் குடும்பங்கள், சீசன் தொடக்க நாளில் மைதானத்தை வலம் வரும் கிளைட்ஸ்டேல் குதிரைகள், எதிரணி வீரர் நல்ல கேட்ச் பிடித்தால்கூடக் கைதட்டுவார்கள் என்ற பேச்சு. இவற்றோடு ‘கார்டினல் வழி’ என்று ஒரு பாடத்திட்டம். ஜார்ஜ் கிஸ்ஸெல் என்பவர் 1940 முதல் 2008இல் இறக்கும்வரை இந்த அமைப்பிலேயே இருந்து, பந்தை இடையில் வாங்கித் திருப்பி எறிவதிலிருந்து பேஸ் திரும்பும்போது எந்தக் காலை வைப்பது என்பதுவரை தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார். சரக்கு நல்ல சரக்குதான். எவ்வளவு சாயம் பூசியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் நடைமுறை விஷயங்கள். விமான நிலையத்திலிருந்து ரெட் லைன் நேராக இங்கே வருகிறது. கார் எடுத்து வந்து பார்க்கிங்குக்கு அழ வேண்டியதில்லை. 2006இல் திறந்த மைதானம், சுமார் 44,000 பேர் உட்காரலாம். ஹோம் பிளேட்டிலிருந்து (மட்டையாளர் நிற்கும் இடம்) பார்த்தால் மைதானத்தின் நடு எல்லை கிழக்கு வடகிழக்காக இருக்கிறது. அதனால் மாலை வெயில் மூன்றாம் பேஸ் பக்கத்தின் முதுகில் விழும், முதல் பேஸ் பக்கத்தின் முகத்தில் அடிக்கும். ஜூலை, ஆகஸ்ட்டில் ஆற்றங்கரைப் புழுக்கம் சென்னைக்காரர்களையே சோதிக்கும். பகல் ஆட்டத்துக்கு வலது எல்லையின் திறந்த பெஞ்சுகளில் சீட்டு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஊரின் அடையாளமான 630 அடி உயர கேட்வே வளைவு முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், மேல்தட்டு.

சாப்பாட்டு விஷயத்தில் இந்த மைதானம் தாராளம். துணியில் செய்த சின்னக் குளிர்பையும், மூடி திறக்காத பிளாஸ்டிக் பாட்டிலும் கொண்டுபோகலாம். மது, கண்ணாடி பாட்டில், கேன் கூடாது. சைவக்காரர்கள் புளிசாதமே கட்டிக்கொண்டு போகலாம். அந்த ஊர்ப் பெருமையான வறுத்த ரவியோலிக்குள் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான், கேட்காமல் வாயில் போட வேண்டாம். பையின் அளவு விதி அவ்வப்போது மாறும், கிளம்பும் முன் அணியின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் முன்போல இல்லை. பல வருடம் சீசனுக்கு 30 லட்சம் பேருக்குக் குறையாமல் வந்த இடம். 2023இல் 71 வெற்றி, 91 தோல்வி என்று பிரிவில் கடைசியாக வந்தார்கள். 1990க்குப் பிறகு அப்படி ஆனதில்லை. 2024இல் கூட்டம் 30 லட்சத்துக்குக் கீழே போனது, 2025இல் சுமார் 22.5 லட்சம். அணிக்குக் கவலை, நமக்கு லாபம். வார நாள் ஆட்டத்துக்கு நல்ல இருக்கை கிடைக்கிறது.

எட்டாம் தெருவும் கிளார்க் அவென்யூவும் சந்திக்கும் மூலையில் சின்னச் சிலைகளின் வரிசை இருக்கிறது. அவசரமாகச் செல்ஃபி எடுத்துவிட்டு ஓட வேண்டாம். அணியின் பழைய நட்சத்திரங்களான பாப் கிப்சன், லூ பிராக், ஓஸி ஸ்மித் வரிசையில் ‘கூல் பாப்பா’ பெல்லும் ஜார்ஜ் சிஸ்லரும் இருக்கிறார்கள். இருவருமே கார்டினல்ஸுக்கு ஆடியவர்கள் இல்லை. சிஸ்லர் அதே ஊரின் பிரவுன்ஸ் அணிக்காரர். பெல், கறுப்பின வீரர்களுக்கென்று தனியே நடந்த கறுப்பர் லீக்கில் செயின்ட் லூயிஸ் ஸ்டார்ஸுக்கு ஆடியவர், கார்டினல்ஸ் அவரைச் சேர்த்திருக்கவே முடியாது. அணியின் முதல் கறுப்பின வீரர் டாம் ஆல்ஸ்டன் வந்தது 1954இல்தான். பெரிய லீக்கின் நிறத்தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் இறங்கி ஏழு வருடம் கழித்து. அதே வரிசையில் ஈனோஸ் ஸ்லாட்டரும் நிற்கிறார். 1947 ஆகஸ்டில் முதல் பேஸில் ராபின்சனின் காலை ஆணிச் செருப்பால் மிதித்தவர். தெரியாமல் பட்டது என்றுதான் கடைசிவரை சொன்னார்.

மைதானச் சுற்று பற்றி: வழிகாட்டியோடு போகும் வழக்கமான சுற்றில் வர்ணனை அறையும், ஆட்டத்தின்போது வீரர்கள் உட்காரும் டக்-அவுட்டும் காட்டுவார்கள். டக்-அவுட் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். கண்ணுக்கு நேரே புல்தரை விரியும்போது ஆடுகளம் எவ்வளவு பக்கம் என்பது உறைக்கும். அதன் பின்னால் போகிற வழியில் கிளப்ஹவுஸ். அந்தக் கதவு நமக்குத் திறக்காது.

கிரிக்கெட்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால் கிளப்ஹவுஸ் என்பது டிரெஸ்ஸிங் ரூம். ஆனால் அங்கே புழங்கும் நேரம் ரொம்ப அதிகம். ஆறு மாதத்தில் 162 ஆட்டம், அதில் 81 இங்கே. ராத்திரி ஆட்டத்துக்கு மத்தியானமே வந்துவிடுவார்கள். சாப்பாடு, மசாஜ், சீட்டாட்டம், தூக்கம் எல்லாம் உள்ளேதான். துணி துவைக்கவும் ஷூ துடைக்கவும் தனி ஆட்கள் உண்டு, வீரர்கள் கொடுக்கும் டிப்ஸும் அவர்கள் வருமானத்தில் சேர்த்தி. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் குறித்த நேரத்தில் நிருபர்கள் உள்ளே வரலாம். அதனால் அந்தப் பெரிய அறை பாதி வரவேற்பறை மாதிரி. நிஜமான பேச்சு, நிருபர்கள் நுழைய முடியாத சாப்பாட்டு அறையிலும் சிகிச்சை அறையிலும் நடக்கும். வெளியே தெரியும் பிம்பத்துக்கும் உள்ளே நடப்பதற்கும் அந்த ஒரு கதவுதான் இடைவெளி.

சில சமயம் கதவு தானாகவே திறந்துகொள்ளும். 2019 அக்டோபர் 9, அட்லாண்டாவில் பிளேஆஃப் எனும் நாக்-அவுட் சுற்றில் முதல் இன்னிங்ஸிலேயே 10 ரன் எடுத்து 13-1 என்று ஜெயித்தார்கள். மேலாளர் (கிரிக்கெட் கணக்கில் தலைமைப் பயிற்சியாளர்) மைக் ஷில்ட் உள்ளே வீரர்களிடம் பேசிய வெற்றிப் பேச்சு முழுக்கக் கெட்ட வார்த்தை. இளம் வீரர் ராண்டி அரோசரேனா அதை இன்ஸ்டாகிராமில் நேரலையாக விட்டுவிட்டார். மறுநாள் ஷில்ட் மன்னிப்புக் கேட்டார். எந்த டிரெஸ்ஸிங் ரூமிலும் அப்படித்தான் பேசுவார்கள், அதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. அதிர்ந்தது அந்த அணியின் பிம்பம்தான். மூன்று மாதத்தில் அரோசரேனாவை டாம்பா பேவுக்கு மாற்றிவிட்டார்கள். 2020 பிளேஆஃபில் அவர் அடித்தது 10 ஹோம் ரன், ஒரே பிளேஆஃபில் அதுவரை யாரும் அடிக்காதது. மாற்றியதற்குக் காரணம் அந்த வீடியோ என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் வியாபாரம் நஷ்டம்.

கனமான விஷயம் 2007. மார்ச்சில் மேலாளர் டோனி லா ருஸ்ஸா புளோரிடாவில் குடித்துவிட்டுக் கார் ஓட்டியதற்காகக் கைதானார். ஏப்ரல் 29 அதிகாலை, பந்துவீச்சாளர் ஜாஷ் ஹேன்காக்கின் கார் சாலையில் நின்றிருந்த மீட்பு வண்டியில் மோதியது. அவர் இறந்தார். ரத்தத்தில் மது 0.157, சட்ட வரம்பு 0.08. சீட் பெல்ட் போடவில்லை, போனில் பேசிக்கொண்டிருந்தார். அதன்பின் அணி கிளப்ஹவுஸில் மதுவைத் தடைசெய்தது. அவர் அன்றிரவு குடித்தது ஒரு உணவகத்தில். தலைவலிக்குக் காலில் தைலம் தடவிய கதை. இதில் இன்னொரு முரண், 1953 முதல் 1996 வரை இந்த அணி பீர் கம்பெனியின் சொத்து. வாசலில் இருக்கும் பெயரும் அந்த பீர் குடும்பத்தின் பெயர்தான்.

பெயரை நிஜமாகவே கிழித்தது கிளப்ஹவுஸ் கூட இல்லை, அலுவலகம். வேலை மாறி ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்குப் போன ஒருவர் லேப்டாப்பையும் அதன் கடவுச்சொல்லையும் ஒப்படைத்துவிட்டுப் போனார். அங்கேயும் அதைப் போன்ற ஒன்றைத்தான் வைத்திருப்பார் என்று ஊகித்து, கிறிஸ் கொரேயா என்ற கார்டினல்ஸ் அதிகாரி ஆஸ்ட்ரோஸின் தகவல் தொகுப்புக்குள் நுழைந்தார். 2016இல் 46 மாதச் சிறை. 2017இல் அணி 20 லட்சம் டாலரையும் டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) தன் முதல் இரண்டு வாய்ப்புகளையும் ஆஸ்ட்ரோஸுக்குக் கொடுக்க வேண்டிவந்தது.

இவ்வளவு சொன்னதால் எல்லாம் வெறும் பூச்சு என்று நினைக்க வேண்டாம். 1960களின் கிளப்ஹவுஸ் இந்த அணியின் நிஜமான பெருமை. புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பயிற்சி முகாம். வெள்ளை வீரர்களுக்கு ஹோட்டல், கறுப்பு வீரர்களுக்கு ஊருக்குள் யாராவது வீட்டில் அறை. 1961இல் ஒரு காலை விருந்துக்கு வெள்ளையர்களுக்கு மட்டும் அழைப்பு வந்ததைக் கறுப்பின வீரர் பில் வைட் பத்திரிகையாளரிடம் போட்டு உடைத்தார். பீர் கம்பெனிக்குக் கறுப்பின வாடிக்கையாளர்கள் முக்கியம், அந்த அழுத்தமும் சேர்ந்தது. அடுத்த வருடம் எல்லோரும் குடும்பத்தோடு ஒரே இடத்தில் மோட்டலில் தங்கினார்கள். மியூசியலும் கென் பாயரும் வழக்கமாக எடுக்கும் தனி வீட்டை விட்டுவிட்டு அங்கே வந்தார்கள். 1964 உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸை வென்றது அந்தக் கூட்டம்தான். அதே கூட்டத்தின் கர்ட் ஃப்ளட்டை 1969இல் கேட்காமல் பிலடெல்பியாவுக்கு மாற்றியபோது அவர் போக மறுத்து, வீரரைக் கேட்காமல் மாற்றும் விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனார், 1972இல் தோற்றார்.

எதிர்ச்சாரியில் பால்பார்க் வில்லேஜில் அணியின் அருங்காட்சியகம், 2014இல் திறந்தது. டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு இங்கேதான் வசூலாகும். கையுறை மாட்டிக்கொண்டு பழைய வீரர்களின் நிஜ மட்டைகளைத் தூக்கிப் பார்க்கலாம். கூட்டம் சேர்ந்தால் அந்த இடத்தில் ஒரு ஆளுக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது, ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு மணி நேரம் சேர்த்து ஒதுக்குங்கள். வர்ணனை மேசையில் குழந்தைகளை உட்கார வைத்தால் எழுப்புவது கஷ்டம்.

1934 ‘கேஸ்ஹவுஸ் கேங்’ அணி விஷயத்தில் கவனித்துப் பாருங்கள். அழுக்கு ஜெர்சி, வம்புச்சண்டை, பந்துவீச்சாளர் டிசி டீனின் வாய்க்கொழுப்பு (30 வெற்றியும் எடுத்தார்) எல்லாம் இன்று செல்லமாகச் சொல்லும் கதை. 90 வருடப் பழைய அழுக்கு என்றால் சட்டகம் போட்டு மாட்டலாம் போலிருக்கிறது.

வெளியே வந்து மறுபடி மூன்றாம் வாசல் பக்கம் போனால், கூட்டம் சிலையடியில்தான் சந்தித்துக்கொள்ள நிற்கும். மியூசியல் நிஜத்தில் எப்படி நின்றார் என்று பார்க்க, எட்டாம் தெரு மூலையில் இருக்கும் அவருடைய சின்னச் சிலைக்குப் போங்கள். ஹாரி வெபர் செய்தது. அதில் முதுகு வளைந்திருக்கும்.